கொடி பிடிப்பவர்கள்

நம்மூரில் ஒருவன் கொடி பிடிக்கிறான் என்றால் ஏதோ ஒரு கட்சியில் இருக்கிறான் என்று அர்த்தம். அமைச்சர் வந்து கொடியசைத்தால்தான் புதுப் பேருந்து கிளம்பும். கவர்னருக்குக் கருப்புக்கொடி காட்டுவார்கள். வீட்டில் காதலுக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள் என்று நண்பன் ட்ரீட் வைப்பான். புருஷன் பொண்டாட்டி சண்டையில் யாராவது ஒருத்தர் வெள்ளைக்கொடி காட்டியாக வேண்டும். இந்த அர்த்தங்களை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு கார் ரேஸ் பார்க்க உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடத்திலேயே குழம்பிப்போவோம்.

ரேஸ் டிராக்கில் கருப்புக்கொடி எதிர்ப்புக்கானது கிடையாது. ஒரே ஒரு ஓட்டுநருக்கு மட்டும், அவருடைய கார் எண்ணோடு சேர்த்துக் காட்டப்படும் உத்தரவு அது: போதும், உள்ளே வா. வெள்ளைக்கொடிக்கும் சமாதானத்துக்கும் சம்பந்தமில்லை. முன்னால் ஒரு வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, பார்த்து வா என்பது அதன் பொருள். அதே வெள்ளைக்கொடி அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் கடைசிச் சுற்று ஆரம்பிக்கிறது என்ற அறிவிப்பு. ஒரே துணி, கடல் தாண்டினால் வேறு வாக்கியம்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சை: ஆபத்துப் பகுதி முடிந்தது, இனி உன் வேகத்தில் போகலாம். நீலம்: உன்னைவிட ஒரு சுற்று முன்னால் இருப்பவன் பின்னால் வந்துவிட்டான், வழி விடு. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள்: தரையில் எண்ணெயோ தண்ணீரோ கிடக்கிறது, வழுக்கும். கருப்பும் வெள்ளையும் குறுக்காகப் பிரிந்த கொடி: நீ ஓட்டும் விதம் சரியில்லை, இது எச்சரிக்கை. கருப்பின் நடுவே ஆரஞ்சு வட்டம்: உன் காரில் ஏதோ கழன்று தொங்குகிறது, உனக்குத் தெரியவில்லை, எங்களுக்குத் தெரிகிறது, பிட்டுக்கு வா. சிவப்பு: எல்லோரும் நிறுத்துங்கள். கட்டம் போட்ட கொடி: முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆரஞ்சு வட்டம்தான். ஏனென்றால் மற்ற கொடிகள் மறைமுகமாகச் சொல்வதை அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், நீ என்னை நம்ப வேண்டும். கட்டம் போட்ட கொடியை விட்டுவிட்டால், கிட்டத்தட்ட எல்லாக் கொடிகளின் சாரமும் இதுவே.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 70 மீட்டரைக் கடக்கிறது. இருக்கையில் கிட்டத்தட்ட படுத்த நிலையில், ஹெல்மெட்டின் சின்னச் சந்து வழியாகப் பார்க்கும் ஓட்டுநருக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு பிரேக் போடலாம் என்றால் நேரம் இருக்காது. அதனால் வளைவுக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்துகிறார்கள். அவர் கையில் குறைந்தபட்சம் 60-க்கு 80 சென்டிமீட்டர் அளவில் ஒரு துணி. சிவப்பும் கட்டக்கொடியும் மட்டும் இன்னும் பெரியவை, 80-க்கு 100. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிப்புத்தகத்தில் இந்த அளவெல்லாம் இருக்கிறது.

மார்ஷல்கள் என்று அழைக்கப்படும் இந்தக் கொடிக்காரர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. உலகம் முழுக்க இது தன்னார்வலர்களின் வேலை. என் ஆபீசில் பக்கத்து டீமில் இருக்கும் நண்பன் ஒருவன் ரேஸ் நடக்கும் வார இறுதிகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மார்ஷலாகப் போகிறான். காலையில் இருட்டோடு கிளம்பி, வெயிலில் நின்று, கறுத்துப்போய்த் திரும்புவான். "ஃப்ரீயா ரேஸ் பாக்கலாம்ல, ஜாலிதான்" என்று ஒருமுறை சொன்னேன். சிரித்தான்.

"நான் எங்க மச்சி பாக்குறேன்? மஞ்சக்கொடி என் கையில இருந்தா, வர்ற காருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வளைவுக்கு அந்தாண்ட பாத்துக்கிட்டு நிக்கணும். அங்கதான் ஏதாவது ஆகும். எதிர்ல வர்றதைப் பாக்குறது நீலக்கொடி வச்சிருக்கறவன் வேலை. யாரு ஜெயிச்சான்னு வீட்டுக்குப் போயி யூட்யூப்லதான் தெரிஞ்சுக்குவேன்."

இரண்டு பேர், முதுகோடு முதுகு. ஒருவர் முன்னால் பார்க்கிறார், ஒருவர் பின்னால். சீறிக்கொண்டு வரும் கார்களுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் உயிர், பக்கத்தில் நிற்பவரின் கண்ணில் இருக்கிறது. இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 2000 செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவிலும், ஆறு மாதம்கூட ஆவதற்குள் 2001 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும், விபத்தில் சிக்கிய கார்களிலிருந்து பறந்துவந்த சக்கரம் தாக்கி ஆளுக்கு ஒரு மார்ஷல் இறந்துபோனார்கள். ரேஸ் பார்க்கும் பலருக்கு அவர்கள் பெயர் தெரியாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கலாச்சாரம் புதிதில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அதில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டருக்கு இரவுப் பந்தயம் நடந்தபோது, நாம் தினமும் ஹெல்மெட்டோடு வேர்த்து வடியும் அதே ரோட்டில் மஞ்சள் விளக்கும் கொடியும் தெரிந்தன.

நீலக்கொடியைப் பற்றிப் பேசினால் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனைத் தவிர்க்க முடியாது. 2005-ல் எஃப்1 ஓட்டிய முதல் இந்தியர். 2012-ல் அவர் இருந்த ஹெச்ஆர்டி அணியின் கார் களத்தில் மிக மெதுவானவற்றுள் ஒன்று. பந்தயம் முழுக்க அவருக்கு நீலக்கொடி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டு மலேசியாவில் ஈரத் தரையில் உலகச் சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் அவரைத் தாண்டிப் போகும்போது இரண்டு கார்களும் உரசிக்கொண்டன. வெட்டலின் டயர் கிழிந்து, நாலாவது இடம் போயிற்று. கோபத்தில் வெள்ளரிக்காய் என்று திட்டினார். நடுவர்கள் நரேனுக்கு 20 நொடி தண்டனை கொடுத்தார்கள்.

யார் மேல் தப்பு என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட, கடைசியில் ஓடுபவனின் ரேஸ் எப்படி இருக்கும் என்ற யோசனைதான் வருகிறது. தன் பந்தயத்தையும் ஓட்ட வேண்டும், பின்னால் வருபவனின் பந்தயத்துக்கும் ஒதுங்க வேண்டும். கண்ணாடியில் பார்க்க நேரமில்லாதபோது, ஓரத்தில் நிற்கும் முகம் தெரியாத ஒருவரின் நீலத் துணியை நம்பித்தான் அவன் ஒதுங்குகிறான்.

நம்பாவிட்டால், அல்லது அரைகுறையாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மஞ்சள்கொடியிடம் வர வேண்டும்.

மஞ்சளுக்கு இரண்டு நிலை உண்டு. ஒரு கொடி ஆடினால் வேகத்தைக் குறை, முந்தாதே, திசை மாற்றத் தயாராக இரு. இரண்டு கொடிகள் சேர்ந்து ஆடினால் வேகத்தை நன்றாகக் குறை, நிற்கவும் தயாராக இரு. இதில் சிக்கல் 'நன்றாக' என்ற சொல்லில் இருக்கிறது. எவ்வளவு நன்றாக? நான் நிஜமாகவே குறைத்து, பின்னால் வருபவன் பேருக்குக் குறைத்தால், எனக்கு இரண்டு நொடி நஷ்டம். எல்லோரும் குறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எல்லோரும் குறைப்பார்கள் என்ற உத்தரவாதம் யாரிடமும் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தேவையானதைவிடக் கொஞ்சம் கம்மியாகக் குறைக்கிறார்கள். ஓ.எம்.ஆரில் ஸ்கூல் ஸோன் பலகையைப் பார்த்ததும் நாம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுபோல எடுத்துவிட்டு மறுபடி வைப்பது.

2014 அக்டோபர் 5. ஜப்பானின் சுசூகா. மழை. ஒரு கார் வழுக்கிப்போய்த் தடுப்பில் மோதி நின்றது. அதைத் தூக்க ஒரு கனரக மீட்பு வண்டி டிராக் ஓரத்துக்கு வந்தது. இரட்டை மஞ்சள் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல்ஸ் பியாங்கி என்ற 25 வயது பிரெஞ்சுக்காரரின் காரும் வழுக்கி, அந்த மீட்பு வண்டியில் போய் மோதியது. மோதும்போது வேகம் மணிக்கு 126 கிலோமீட்டர். ஒன்பது மாதம் நினைவில்லாமல் இருந்து 2015 ஜூலையில் இறந்தார். விசாரணைக் குழு, கட்டுப்பாட்டை இழக்காமல் இருக்கும் அளவுக்கு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்று எழுதியது. அத்தனை ஓட்டுநர்களும் காலங்காலமாகச் செய்துவந்ததைத்தான் அவரும் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வளைவில், அந்த மழையில், அவருக்கு அதற்கு விலை இருந்தது.

2015 முதல் எஃப்1-ல் விர்ச்சுவல் சேஃப்டி கார் என்ற முறை வந்தது. ஆபத்து என்றால் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு குறைந்தபட்ச நேரம் விதிக்கப்படும். அதைவிட வேகமாகப் போனால் தண்டனை. 'நன்றாகக் குறை' என்பது எண்ணாக மாறிவிட்டது. மென்பொருள் எழுதுபவனாக எனக்கு இது உடனே புரிகிற தீர்வு. மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பியிருந்த ஒரு விதியை, நல்லெண்ணம் தேவைப்படாத விதியாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கொடிகளை எடுத்துவிடவில்லை. ஸ்டீயரிங்கில் விளக்கு எரியும், ரேடியோவில் குரல் வரும், வளைவின் ஓரத்தில் ஆளும் நிற்பார்.

மோட்டார் வண்டியும் கொடியும் சேர்ந்தது பந்தயத்தில் இல்லை. 1865-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். சாலையில் எஞ்சின் வண்டி போனால், 60 கெஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக்கொடியோடு நடந்து போக வேண்டும். ஆளை முன்னால் நடத்தும் கட்டாயம் 1896-ல் முழுதாகப் போனது. அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் ஊர்வலமாகக் கிளம்பின. கிளம்பும் முன் ஒரு பிரபு சிவப்புக்கொடியைக் கிழித்துக் காட்டினார். இனி யாரும் எங்களுக்குக் கொடி காட்ட வேண்டாம் என்ற மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கார்களை எடுத்துக்கொண்டு ரேஸ் விட ஆரம்பித்ததும் கொடி திரும்பி வந்துவிட்டது. வேகம் கூடக்கூட, முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னாலிருந்தே கொடியை நம்பி ஓடிய ஒன்று உண்டு. ரயில். நம் தமிழில் 'பச்சைக்கொடி காட்டுவது' வந்ததும் ரேஸிலிருந்து இல்லை, ரயில் நிலையத்திலிருந்துதான். ரயில்வேயிலும் அசைவுக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. பச்சைக்கொடியை அசையாமல் பிடித்தால் போகலாம். அதையே மேலும் கீழும் ஆட்டினால் எச்சரிக்கையாகப் போ. சிவப்பு இருந்தால் நில். கொடியே இல்லையா? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கு. அதுவும் 'நில்'தான். பாதையில் ஆபத்து என்றால் இப்போதைய அகலப்பாதை விதிப்படி 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றுமாக டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் சக்கரம் ஏறினால் பட்டாசு மாதிரி வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கொடியைக் காதுக்குக் காட்டும் ஏற்பாடு.

இவ்வளவும் தெரிந்த ஒரு அமைப்பில்தான் அரியலூர் நடந்தது.

நான் படித்து வளர்ந்தது பெரம்பலூர். ரயில் இல்லாத ஊர், இன்றுவரை. ரயில் ஏற வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் போய் அரியலூரில் ஏற வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள உறவில் மருதையாற்றுக்கும் பங்கு உண்டு. பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் பக்கம் பிறந்து, அரியலூர் வழியாகப் போய்க் கொள்ளிடத்தில் விழும் ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் ஆடு மேயும். மலையில் மழை அடித்தால் ஒரே ராத்திரியில் ஆளே மாறிவிடும்.

1956 நவம்பர் 23 விடியற்காலை, மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி கல்லகம் நோக்கிப் போனது. பெருமழை. மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளம் தண்டவாளத்தின் பிடிமானத்தை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் சுமார் 150 பேர்.

அப்பாவின் ஊர் அரியலூர் பக்கம். அப்பாயி அப்போது பாவாடை கட்டிய சிறுமி. எப்போது கேட்டாலும் பிணங்களைப் பற்றிச் சொல்ல மாட்டாள். அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்காது. ஒரே ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். "ஆத்துல தண்ணி வந்துருச்சுன்னு ஊருல எல்லாத்துக்கும் தெரியும்டா. அந்த ரயிலுக்குத்தான் தெரியல."

ரேஸ் கொடிகளைப் பற்றி எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன். கொடி எதற்கு என்பதை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் கரையில் இருந்தார்கள். தெரிந்தாக வேண்டியவர் எஞ்சினில் இருந்தார். நடுவில் ஒரு ஆள், ஒரு கொடி, ஒரு லாந்தர் என்று எதுவும் அவரை வந்து சேரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் பாலம் இடிந்து 112 பேர் இறந்தபோதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்திருந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை ஏற்றுக்கொண்ட நேரு, விபத்துக்கு சாஸ்திரி பொறுப்பு என்பதால் இல்லை, அரசியல் சாசன மரபில் இது ஒரு முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதால்தான் ஏற்கிறேன் என்ற பொருளில் சொன்னார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன் பதவி விலகவில்லை. அரியலூரும் அழகேசனும் மோனையாக அமைந்துவிட்டதால், அது எதிர்க்கட்சி மேடைகளில் பல காலம் முழக்கமாக ஒலித்தது. ஊர்ப் பெரிசுகளுக்கு அந்த முழக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 51 ஆண்டுகள் கழித்து, 2007-ல், அதே நவம்பர் 23 அன்று அரியலூர் பெரம்பலூரிலிருந்து மறுபடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தற்செயல்தான். யாரும் அதைக் கவனித்துத் தேதி குறித்ததாகத் தோன்றவில்லை.

இன்று அந்த மண்ணில் ஆபத்து தண்டவாளத்திலிருந்து சாலைக்கு வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, இரண்டுக்கும் நடுவே ராப்பகலாக ஓடும் டிப்பர் லாரிகள். பெரம்பலூரை ஒட்டி சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை. ராத்திரியில் பழுதாகி நிற்கும் லாரியின் பின்னால் கார் போய்ச் செருகிக்கொண்டது என்ற செய்தியை எங்கள் மாவட்டத்துப் பக்கத்தில் படிக்காமல் ஒரு மாதம் போகாது.

லாரி டிரைவர்களிடமும் ஒரு கொடி மொழி உண்டு. வண்டி நின்றுவிட்டால், முக்கோணப் பிரதிபலிப்பான் எல்லாம் கையில் இருப்பதில்லை, கிளீனர் இறங்கிப்போய் ஓரத்து வேம்பிலோ வேலிக்கருவையிலோ ஒரு கிளையை ஒடித்து, லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் போட்டு, அது பறக்காமல் இருக்கக் கல் வைப்பார். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். எந்த விதிப்புத்தகமும் சொல்லித்தராத, ஆனால் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத கொடி. நடுரோட்டில் பச்சைக் கிளை கிடந்தால் ஒதுங்கு. முன்னால் ஏதோ நிற்கிறது.

ஆனால் லாரி ரிப்பேர் ஆகிப் போன பிறகு? கிளையும் கல்லும் அங்கேயே கிடக்கும். அடுத்த நாள் காய்ந்த கிளையைப் பார்க்கும் பைக்காரர் எங்கே லாரி என்று தேடுவார், இருக்காது. நாலு முறை அப்படி ஆனால் ஐந்தாவது முறை ஒதுங்க மாட்டார். அந்த ஐந்தாவது முறை லாரி இருக்கும். அல்லது கிளையைத் தாண்டி, இருட்டில் அந்தக் கல்லின் மேலேயே ஏற்றுவார். நெடுஞ்சாலையில் 'வேலை நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையும் இப்படித்தான். வேலை முடிந்து ரோடு போட்டு, அந்த ரோடு பழசாகியும் பலகை நிற்கும். என் வேலையிலும் இது உண்டு. சர்வரில் ஏதாவது கோளாறு என்றால் போனுக்கு அலர்ட் வரும். ஒன்றுமே இல்லாததற்கெல்லாம் அலர்ட் அடித்துக்கொண்டே இருந்தால், ஒரு வாரத்தில் டீமில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ரேஸ் டிராக்கில் அதற்காகத்தான் பச்சைக்கொடி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் ஆடிய இடத்தைத் தாண்டியதும் அடுத்த போஸ்ட்டில் பச்சை ஆட வேண்டும்: நான் சொன்ன ஆபத்து இதோடு முடிந்தது, இனி நீ போகலாம். பாதை சுத்தமானதும் மஞ்சளை உடனே இறக்கிவிட வேண்டும். இறக்குவதில் தாமதிக்கும் மார்ஷல் நல்ல மார்ஷல் இல்லை என்று என் நண்பன் சொல்வான். "தேவையில்லாம ஒரு சுத்து பிடிச்சிட்டேன்னு வை, அடுத்த தடவை நிஜமாவே பிடிக்கும்போது அவன் என்னை நம்ப மாட்டான் மச்சி."

பியாங்கி விஷயத்தில் கொடி இருந்தது, அதைக் கண்டவரிடம் நம்பிக்கை பாதிதான் இருந்தது. அரியலூரில் நம்பத் தயாராக ஒரு ஓட்டுநர் இருந்தார், கொடி வந்து சேரவில்லை. பெரம்பலூர்ச் சாலையில் கொடி இருக்கிறது, அது சொல்லும் லாரி எப்போதோ போய்விட்டது. இந்த மூன்றில் நாம் நேரடியாக ஏதாவது செய்யக்கூடியது கடைசி ஒன்றில்தான் என்று தோன்றுகிறது. அடுத்த முறை ராத்திரிப் பயணத்தில் டீக்கு நிறுத்தும்போது, ஓரத்தில் லாரி இல்லாத இடத்தில் காய்ந்த கிளையும் கல்லும் கிடந்தால், வண்டி எதுவும் வரவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே போடுங்கள். பார்ப்பதற்குக் கூட ஒருத்தர் இருந்தால் நல்லது.